படிக்கப் போனாயா, பழகப் போனாயா?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளைப் பெற்ற நம் இல்லங்களில் இந்தக் கேள்வி எழாத வாரமே இல்லை. மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பவேண்டிய மகன் ஆறரைக்கு வருகிறான். உடன் பயிலும் தோழியின் வீட்டுக்குப் போய்வர மகள் அனுமதி கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு இளைஞர்கள் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். உடனே அத்தாவின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் புறப்பட்டுவிடுகின்றன: "படிக்கப் போனாயா, பழகப் போனாயா?"

கேட்பவர் கொடியவர் அல்லர். கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் செலுத்தியவர்; இரவு ஷிப்டு முடித்துச் சிவந்த கண்களோடு வந்து அமர்ந்தவர். அவருடைய கவலையை நாம் மதிக்கிறோம். இதை எழுதும் நாமும் ஒரு காலத்தில் நம் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தாம். ஆயினும் கேள்வி பிழையானது. படிப்பும் தோழமையும் தராசின் இரு தட்டுகள், ஒன்று தாழ்ந்தால்தான் மற்றொன்று உயரும் என்று அது சாதிக்கிறது. இந்தப் பிழைதான் நம் பிள்ளைகளைப் படிக்கவிடாமல் தடுக்கிறது என்பது நம்முடைய குற்றச்சாட்டு.

இந்த எல்லைப்புறத்தின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். கல்விக்காக எல்லை கடப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குத்தான் போனார். ஆனால் அது ஊருக்கு ஒருவர், இருவர் போன காலம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980இல் அசோக் லேலண்டு லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் இங்கிருந்து புறப்படலாயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிக் கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் காளான்போல் முளைத்தன. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கமிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் நம்மவர் பலர் பிழைப்புத் தேடி வந்து குடியேறினர். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இலிருந்து நடக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. தனியார் கல்லூரிகளோ பல. தந்தை இயந்திரத்தின் முன் நின்றார். மகன் அந்த இயந்திரத்தை வரைந்து வடிவமைக்கக் கற்கிறான். ஒரே தலைமுறையில் நிகழ்ந்த மாற்றம் இது.

அந்த மகன் எங்கே அமர்ந்து படிக்கிறான்? தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னறை ஒன்று, அடுக்களை ஒன்று. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்குகிறார். விளக்கைப் போடக் கூடாது, வாய்விட்டுப் படிக்கக் கூடாது. மாலையில் தாய் தையல் இயந்திரத்தை ஓட்டுகிறாள்; தம்பி தங்கையர் தொலைக்காட்சியைப் போடுகின்றனர். இத்தகைய வீட்டில் ஒருவன் தனியே அமர்ந்து படிப்பதே அரிது. நான்கு தோழர்களை அழைத்து வந்து உட்காரவைக்க இடமேது? ஆகவே அவன் கல்லூரி மர நிழலிலோ, பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலோ தோழர்களோடு ஒரு மணி நேரம் நிற்கிறான். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாம் குற்றமென்று எழுதி வைத்துக்கொள்கிறோம்.

படிப்புச் சுமை இலேசானது என்று நாம் சொல்லவில்லை. பொறியியல் படிப்பு எட்டுப் பருவங்கள். பருவத்துக்கு ஐந்தாறு பாடங்கள், அவற்றோடு ஆய்வகம், பயிற்சியேடு, இடைத்தேர்வுகள். வருகை குறைந்தால் தேர்வெழுதும் உரிமையே போய்விடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நாள்தோறும் போய்வரும் பிள்ளைக்குப் பயணமே மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. இவ்வளவு நெருக்கடியில் நட்புக்கு எங்கே நேரம் என்று கேட்பது நியாயம்போலத் தோன்றும். இவ்வளவு நெருக்கடியை ஒருவன் தன்னந்தனியாக எப்படித் தாங்குவான் என்று நாம் ஏன் கேட்பதில்லை?

தனிமையில் பூட்டி வைத்துப் படிக்கவைப்பதே சிறப்பு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நாமக்கல் வட்டாரத்தில் தொடங்கி நம் பக்கம்வரை பரவிய விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது. விடியற்காலையிலிருந்து இரவு பத்து மணிவரை புத்தகம், பேச்சுக்குத் தடை, விளையாட்டுக்குத் தடை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டுகள் உருப்போடவைத்த பள்ளிகள் பல. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு வைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கிருந்து உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளிவந்த பிள்ளை, கல்லூரியின் முதலாண்டிலேயே கணிதத்தில் தோற்று விழிப்பதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! பக்கத்திலிருப்பவனிடம் "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்ல அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நாமறிந்த ஓர் இளைஞனின் கதையைச் சொல்வோம். நல்ல குடும்பம், தொழுகை தவறாத பிள்ளை. கல்லூரிப் பேருந்தில் ஏறுவான், வகுப்பில் அமர்வான், திரும்புவான். "எவனோடும் சேராதே" என்று தந்தை இட்ட கட்டளையை அப்படியே காத்தான். கைப்பேசியிலும் வகுப்புத் தோழர்களின் குழு எதிலும் சேரக் கூடாதென்பது வீட்டுச் சட்டம். மூன்றாம் பருவத்தில் தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் முன்கூட்டியே மாற்றப்பட்டது. வகுப்பில் 60 பேருக்கும் அது தெரியும். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்த இவனுக்குத் தெரியாது. சொல்வதற்கு ஒருவரும் இல்லை. தண்டத் தொகையோடு செலுத்தும் நாளும் கடந்துபோயிற்று. அந்தப் பருவத்தின் பாடங்கள் அத்தனையும் நிலுவையாயின. வீட்டில் சொல்ல அஞ்சி, ஓராண்டுக் காலம் தேர்ச்சி பெற்றவன்போல் நடித்தான். உண்மை வெளிப்பட்டபோது தந்தை கேட்டது என்ன தெரியுமா? "இதை என்னிடம் சொல்ல உனக்கு ஒரு நண்பன்கூடவா இல்லாமற் போனான்?" நாம் அருகில் இருந்தோம். அந்தப் பெரியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. கடல் கடந்த நாட்டில் இதனை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 1970களில் யூரி திரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் ஒரு புதிரைக் கண்டார். நன்றாகப் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு வந்த கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தொடர்ந்து தோற்றனர். காரணம் என்னவென்று பேராசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை என்றனர்; அடிப்படை போதாது என்றனர்; குடும்பத்தில் அக்கறை இல்லை என்றனர்; வறுமை என்றனர். சிறுபான்மையினரின் பிள்ளைகளைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் அதே சொற்கள்! நம்மைப் பற்றியும் இவற்றைக் கேட்டிருக்கிறோம் அன்றோ?

திரைஸ்மன் அவற்றை நம்பிவிடவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் உடனிருந்து கண்டார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள். அவர்களுடைய பெற்றோர் உயிரைக் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்தார்கள். தோழமை வேறு, படிப்பு வேறு என்று இடையில் சுவர் எழுப்பியிருந்தார்கள். சீன மாணவர்களோ முதலில் தனியே கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் கூடினார்கள். உண்டார்கள், சிரித்தார்கள், ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லையென்றால், அது கடினமான கணக்கு, தன் மூளையில் குறையில்லை என்று அவரவருக்கும் தெரிந்துவிடும். தனியே இருப்பவனோ, தான் ஒருவனே மூடன் என்று முடிவு கட்டிவிடுவான். திரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்கும் அத்தகைய கூட்டுப் பயிற்சியை ஏற்படுத்தினார். எளிய கணக்குகளை அவர் தரவில்லை, கடினமானவற்றையே தந்தார். அதில் சேர்ந்தவர்கள் முன்னேறினார்கள்.

பெர்க்கிலிவரை போவானேன் என்று கேட்பீர்களாயின், நம் மதரஸாவுக்கே வாருங்கள். உஸ்தாது பாடம் நடத்தி எழுந்து போனபின் மாணவர்கள் வட்டமாய் அமர்ந்து அதே பாடத்தைத் தங்களுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வதற்குத் 'தக்ரார்' என்று பெயர். ஒருவன் உஸ்தாதின் இடத்தில் அமர்ந்து சொல்வான், மற்றவர் மடக்குவர், தவறினால் நகைப்பர், பின்னர் திருத்துவர். கிதாபு ஓதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உஸ்தாதிடம் கேட்டதைவிடத் தக்ராரில் கற்றதே நெஞ்சில் நின்றது என்று சொல்லும் ஆலிம்கள் பலர். அந்த ஆலிமின் மகன் பொறியியல் கல்லூரிக்குப் போனதும், "தனியே உட்கார்ந்து படி" என்கிறோம்! நம் கைப்பொருளை நாமே வீதியில் எறிந்துவிட்டோம்.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாய் இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்துத் திருத்திய வரலாற்றை நாம் வெள்ளிமேடைகளில் கேட்டிருக்கிறோம். உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்று உணர்த்திய அந்த அறிவுரையில், காண வரும் விருந்தினருக்கும் உரிமை உண்டு என்பதும் அடங்கியிருக்கிறது. வணக்கத்துக்கே அளவு வகுத்த மார்க்கத்தில் பிறந்த நாம், பாடப் புத்தகத்துக்கு அளவு வகுக்க அஞ்சுகிறோம்.

ஏ.பி.ஜே. அப்துல் கலாமைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளை அதட்டாத முஸ்லிம் வீடு தமிழகத்தில் உண்டா? "தெருவிளக்கில் படித்தார் கலாம், நீ என்ன செய்கிறாய்?" என்கிறோம். கலாம் தம் வரலாற்றில் எழுதியிருப்பதை முழுவதும் படித்தோமா? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950இல் சேர்ந்து விடுதியில் தங்கினார். அவருடைய அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்குச் செயலர் ஆனார். இராமேசுவரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை சைவ உணவுக்கூடத்துச் செயலர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தலைவரான பாதிரியாரையே விருந்துக்கு அழைத்துப் பரிமாறினார்கள். பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், கழுத்தை நெரிக்கும் விமானப் பொறியியல் படிப்புக்கு நடுவே, அக்கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். நாம் அன்று அவருடைய தந்தையாய் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்போம்? "கணக்கெழுதவும் கட்டுரை எழுதவுமா உன்னை அனுப்பினேன்? உன் அக்காள் நகையை அடகு வைத்தது இதற்கா?"

மறுபுறத்தையும் காண்போம். கணித மேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அதே காலத்தில் பயின்றுகொண்டிருந்த வங்காளத்து மகலனோபிஸ் ஒரு குளிர்நாளில் அவருடைய அறைக்குப் போனார். ராமானுஜன் இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாகச் சொன்னார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. மெத்தையோடு இறுக்கிச் செருகியிருந்த அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருந்தார். விலக்கிக் காட்ட ஒரு தோழன் வரவேண்டியிருந்தது. மகலனோபிஸ் 1915இல் ஊர் திரும்பினார். போர்க்காலம், நோய், ஒத்த உணவின்மை, தனிமை எல்லாம் கூடி 1918இல் ராமானுஜன் இலண்டன் சுரங்க இரயிலின் முன் பாய்ந்துவிடும் நிலைக்கு ஆளானார். தெய்வாதீனமாய் வண்டி நின்றது. நம் நாளில் இராஜஸ்தானத்துக் கோட்டா நகரின் பயிற்சி விடுதிகளில் மாணவர் சாவுகள் பெருகியபோது, 2023இல் மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் வில் பொருத்துமாறு உத்தரவிட்டது. பிள்ளையின் பக்கத்தில் ஒரு தோழனை அமர்த்துவதற்கு மாறாக, விசிறிக்கு வில்!

இனி மறுப்புரைகளைக் கேட்போம். "பெங்களூர் பக்கத்தில் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஏறினால் மாலைக்குள் கெட்டுப் போய்விடலாம்" என்பர். உண்மை. கெட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வகுப்பை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் நந்திமலைக்குப் போய்க் கைகால் முறித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் அவர்களில் பலர் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து போனார்கள் என்பதைக் கவனியுங்கள். தோழர்கள் வாசற்படி ஏறக் கூடாத வீடுகள். தோழனை வீட்டுக்குள் விடாதவருக்கு, மகன் எவனோடு பழகுகிறான் என்பது எப்படித் தெரியும்?

வாய்விட்டுச் சொல்லப்படாத இன்னொரு மறுப்பும் உண்டு. பிற சமயத்தாரோடு நெருங்கினால் பிள்ளை நம்மைவிட்டுப் போய்விடுவான் என்னும் அச்சம். இந்த எல்லைப்புறத்தில் அவ்வச்சம் நமக்குக் கட்டுப்படியாகாது. இங்கே வகுப்பறையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே பெஞ்சில் அமர்கின்றன. மைசூரில் இளவரசர் கிருஷ்ணராஜ உடையாரோடு சிறுவயதில் ஒன்றாய்ப் பாடம் பயின்ற மிர்ஸா இஸ்மாயில், பின்னாளில் அதே மன்னரின் திவானாகி 1926 முதல் 1941 வரை அந்த நாட்டை நிருவகித்தார். வகுப்பறையில் முளைத்த நட்பு அது. மன்னர் கதை வேண்டாம் என்றால் 2016 செப்டம்பர் 12ஐ எண்ணிப் பாருங்கள். காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் பேருந்துகள் தீக்கிரையாயின. எல்லையில் வண்டிகள் நின்றன. மூட்டை முடிச்சோடு மக்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தனர். நம் ஊர்ப் பையன் ஒருவன் அப்போது பெங்களூரில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். அவனை மூன்று நாள் தன் வீட்டில் வைத்துச் சோறிட்டது, கூடப் படித்த கன்னடப் பிள்ளையின் தாய். "பழகப் போனாயா?" என்று அவனைக் கேட்டுவந்த தந்தை, பழகியதால்தான் அன்று நிம்மதியாக உறங்கினார்.

பெண்மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கேதான் நாம் செய்யும் அநீதி பெரிது. மகனுக்காவது பேருந்து நிலையத் தேநீர்க் கடை உண்டு. மகளுக்கு? கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் தம்பி காத்து நிற்கிறான். அங்கிருந்து நேரே அடுக்களை. பாத்திரம் கழுவி, தம்பிமாருக்குச் சோறிட்டு, பத்து மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்கிறாள். ஐயம் கேட்க ஒரு தோழியைக் கைப்பேசியில் அழைத்தால், "யாரோடு பேச்சு?" என்று உள்ளறையிலிருந்து குரல் வருகிறது. அதே தெருவில், பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு மின்னணு ஆலைக்கு வேலைக்குப் போன பெண், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களோடு விடுதியில் தங்கி, இந்தியும் பேசக் கற்று, ஊதியத்தோடு ஊர் வருகிறாள். வேலைக்குப் போன பெண்ணை நம்பும் சமுதாயம், படிக்கப் போன பெண்ணை நம்பவில்லை. வளாக நேர்முகத்தில் எட்டுப் பேரை வட்டமாக அமர்த்தி ஒரு பொருளைப் பற்றி விவாதிக்கச் சொல்கிறார்கள். நான்கு ஆண்டுகள் எவரோடும் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட அந்தக் குழந்தை, உயர்ந்த மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்துவிட்டு வீடு திரும்புகிறது. "படித்தும் வேலை கிடைக்கவில்லையே" என்று நாமே அங்கலாய்க்கிறோம்.

மகளின் தோழி வீட்டுக்கு வரட்டும். நம் மகளும் அவள் வீட்டுக்குப் போய்வரட்டும். தாய் ஒருமுறை உடன்போய் அந்த வீட்டாரைக் கண்டு பேசிவிட்டு வந்தால் அச்சத்தில் பாதி தீரும். நாற்பது சதுர அடி முன்னறையில் இடமில்லை என்பதும் உண்மைதான். அதற்குத்தான் ஜமாஅத்தை அழைக்கிறோம். நம் மஹல்லாக்களில் நிக்காஹ் மண்டபங்கள் எழும்பியிருக்கின்றன. வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றன. மக்ரிபு தொழுகையிலிருந்து இரவு ஒன்பதரைவரை அவற்றைத் திறந்துவிடுங்கள். பாய் விரியுங்கள், ஒரு கரும்பலகை மாட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்கு மேல்தளமோ தனி நாளோ ஒதுக்குங்கள். காவலுக்குத் தாய்மார் இருவர் இருக்கட்டும். பக்கத்துத் தெரு முருகனும் நாராயண ரெட்டியும் வந்தாலும் அவர்களுக்கும் பாய் போடுங்கள். அவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், தேநீர் கேட்பார்கள். பேசட்டும். தக்ரார் ஓசையின்றி நடந்ததாக எந்த மதரஸாவிலும் நாம் கேள்விப்பட்டதில்லை.

இதைச் சென்ற மாதம் ஒரு முத்தவல்லியிடம் சொன்னோம். எல்லாம் சரி, மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டார். போன வலீமாவுக்கு மண்டப முகப்பில் தொங்கவிட்ட சரவிளக்குகள் ஓரிரவில் எத்தனை யூனிட் இழுத்தன என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லுமாறு அவரையே கேட்டுக்கொண்டோம். பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். மண்டபத்தின் சாவி அவரிடந்தான் இருக்கிறது.